போர் தண்ணீரும் ஃபுளோரைடும்: ஆர்.ஓ. மாட்டினால் மட்டும் போதாது

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபில்டர் விற்க வருபவர் பையிலிருந்து முதலில் எடுப்பது டி.டி.எஸ். மீட்டரைத்தான். 900 என்று காட்டியதும் வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்துவிடும். அந்த மீட்டர் கரைந்திருக்கும் மொத்த உப்பைச் சொல்லும், அவ்வளவுதான். நம் ஊர்களில் பல்லில் காவிக் கறையும் மூட்டில் இறுக்கமும் கொண்டுவருகிற ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பாறையிலிருந்து கரைந்து வரும் இது, கால்சியம் குறைந்த தண்ணீரில் கூடுதலாகவே கரையும். அதனால் சோப்பு நன்றாக நுரைக்கிற, ருசியான போர் தண்ணீரையும் நம்பிவிட முடியாது.

முதலில் சோதனை. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். ஃபுளோரைடு பார்க்கக் கண்ணாடி பாட்டில் வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, ஃபுளோரைடும் பார்க்க வேண்டும் என்று சொல்லியே கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் தனிக் குழாயில் வருகிற வீட்டுக்கு ஆர்.ஓ. (தண்ணீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியாக வடிக்கும் மெஷின்) வீண் செலவு என்பதே எங்கள் கருத்து. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் போதும். ஊர்த் தொட்டியில் போர் தண்ணீரும் கலக்கிறது என்றால் அந்தக் குழாய்த் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள்.

ஃபுளோரைடு இருக்கிற தண்ணீரைக் கொதிக்கவைப்பதில் பயனில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி ஏறும். கேண்டில் ஃபில்டர், கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு, நுண்துளை வடிகட்டியான யு.எஃப்., வெறும் கார்பன் எதுவும் இதைப் பிடிக்காது. பிடிப்பது ஆர்.ஓ. மெஷினின் சவ்வான மெம்பரேன், இல்லையென்றால் ஃபுளோரைடை ஒட்டவைத்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா மணிகள். அலுமினாவைக் குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடியதும் மாற்றவோ மருந்திட்டுப் புதுப்பிக்கவோ வேண்டும். அதை மறந்தால் ஃபில்டர் இருந்தும் இல்லாத கதைதான்.

இனி முக்கியமான இடம். ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றதும் மெக்கானிக் மெஷினுக்குள் இருக்கும் சின்னத் திருகைத் திருப்புவார். அதுதான் டி.டி.எஸ். கன்ட்ரோலர். பல மாடல்களில் அது செய்வது ஒரே வேலை: மெம்பரேனைத் தொடாத தண்ணீரைச் சுத்தத் தண்ணீரில் கலப்பது. போரில் ஃபுளோரைடு 3 மில்லிகிராம் என்று வையுங்கள். மெம்பரேன் பத்தில் ஒன்பது பங்கை நிறுத்தினால் 0.3 தான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் அது 1.2 ஆகிவிடும். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65. காசு கொடுத்து வாங்கிய மெஷின் வழியாகவே ஃபுளோரைடு திரும்ப வருகிறது! கன்ட்ரோலரை முழுக்க மூடச் சொல்லுங்கள். ருசி வேண்டுமென்றால் மினரல் கார்ட்ரிட்ஜ் வைத்த மாடலாக வாங்குங்கள்.

அந்த டி.டி.எஸ். மீட்டருக்கும் ஒரு வேலை உண்டு. கன்ட்ரோலரை மூடிவிட்டு, உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் மாதம் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். 900 போய் 60 வந்த மெஷினில் 150, 200 என்று ஏறினால் மெம்பரேன் போய்விட்டது. பெரும்பாலும் முன்னால் இருக்கும் ஃபில்டர்களைக் கவனிக்காததுதான் காரணம். மண் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரை மூன்று முதல் ஆறு மாதத்தில் மாற்றுங்கள். கார்பன் தீர்ந்தால், தொட்டியில் போட்ட பிளீச்சிங் பவுடரின் குளோரின் மெம்பரேனை அரித்துவிடும். ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் நிறையப் போகிறதே என்று கழிவுக் குழாயை நெருக்கிவிடுபவர்களும் உண்டு. சில மாதத்தில் உப்புப் படிந்து மெம்பரேன் அடைத்துக்கொள்ளும்.

குடிக்க மட்டும் ஆர்.ஓ., சமைக்கப் போர் என்று பிரிக்காதீர்கள். களிக்கு உலை வைப்பதும், அரிசியும் பருப்பும் வேகவைப்பதும் ஆர்.ஓ. தண்ணீரிலேயே இருக்கட்டும். கழிவுத் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கும்: வாசல் கழுவலாம், கக்கூஸுக்கு ஊற்றலாம், மாட்டுத் தொட்டியில் மட்டும் விடக் கூடாது.