பெரம்பூர் பெட்டியை மேசைமேல் ஓட்டுவது

அப்பா பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில், பெட்டியின் வெளிக்கூட்டைச் செய்யும் ஷெல் பிரிவில் இருந்தவர். மாதிரி ரயில் செய்ய உட்கார்ந்ததும் என் கை தானாகப் போனது அந்த நீலப் பெட்டிக்குத்தான். இதுவரை 11 பெட்டிகள் முடித்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது: பெட்டி நன்றாக ஓடட்டும், அழகு அப்புறம்.

நான் செய்வது எச்.ஓ. என்ற மாதிரி ரயில் அளவில்; அப்படியென்றால் உண்மைப் பெட்டியில் 87-இல் ஒரு பங்கு. ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 245 மி.மீ., 37 மி.மீ. என்று வரும். இரண்டு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 14,783 மி.மீ.; நமக்கு 170. பெட்டியையே போகி என்று சொல்வது நம் ஊர் வழக்கம். இங்கே போகி என்பது அடியில் நான்கு சக்கரங்களோடு திரும்பும் சட்டம். நம் அகலப்பாதையை அளவுப்படி சுருக்கினால் 19.3 மி.மீ. வரவேண்டும், கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 தான். அந்த வித்தியாசத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

தரைக்கு 2 மி.மீ. பி.வி.சி. ஷீட்டில் 245-க்கு 35 வெட்டுங்கள். பக்கச் சுவர்கள் ஆளுக்கு 1 மி.மீ. எடுத்துக்கொள்ளும். போகிகளை நான் ரெடிமேடாகத்தான் வாங்குகிறேன். ஒரு போகியின் திருகை, அது திரும்ப மட்டும் முடிகிற அளவுக்கு இறுக்குங்கள். இன்னொன்றைக் கொஞ்சம் தளர்த்தி, பக்கவாட்டில் லேசாக ஆட விடுங்கள். மேடுபள்ளத்திலும் முக்காலி ஆடாமல் நிற்கும் அல்லவா, அதே சங்கதிதான். இரண்டையும் இறுக்கினால், தண்டவாளம் சற்றே பிசகிய இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

அடுத்து எடை. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை: 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் பெட்டிக்கு ஏறத்தாழ 165 கிராம். டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் எடைத் துண்டுகள் இதற்குக் கச்சிதம். ஈயமாக இருந்தால் தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள். போகிகளுக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டுங்கள். என் முதல் பெட்டியில் கூரைக்கு அடியில் ஒட்டினேன். முதல் வளைவிலேயே சாய்ந்துவிட்டது.

சுவர் இல்லாத இந்தத் தரையை உங்கள் பாதையில் பத்துச் சுற்று ஓட்டுங்கள். சக்கரம் எங்கே உரசுகிறதோ அங்கே தரையைச் சீவுங்கள். இணைப்புக் கொக்கியைத் தரையில் பொருத்தாமல் போகியிலேயே பொருத்துங்கள். 457 மி.மீ. ஆரமுள்ள வளைவில், தரையில் பொருத்திய கொக்கி பக்கத்துப் பெட்டியைத் தடம்புரட்டிவிடும்.

சுவருக்கு 300 ஜி.எஸ்.எம். ஐவரி அட்டை, இரண்டு அடுக்கு. பட்டையாக நறுக்கும் முன்பே சன்னல்களை வெட்டிவிடுங்கள். பிளேடை மூலையில் குத்தி நடுவை நோக்கி இழுத்தால் மூலை தாண்டிக் கிழியாது. வெட்டிய ஓரத்தில் குண்டூசியால் ஒரு சொட்டு சூப்பர் குளூ தொட்டால் அட்டை அதை உறிஞ்சிக் கெட்டியாகும். அப்புறம் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்க்கலாம்.

சன்னல் கம்பிகள்தான் எனக்குப் பிடித்த வேலை. ஓ.எச்.பி. ஷீட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் காம்பஸ் முனையால் குறுக்காகக் கீறுங்கள். சாம்பல் நிற அக்ரிலிக்கை விரலால் தேய்த்து, உடனே ஈரத்துணியால் துடையுங்கள். பெயின்ட் கீறலில் மட்டும் தங்கும். ஒரு கை தூரத்தில் பார்த்தால் ஸ்லீப்பர் கோச்சின் கம்பியேதான். அவசரகாலச் சன்னலுக்கு மட்டும் சிவப்பு.

கூரை அட்டையைப் பாட்டில்மேல் உருட்டி வளைத்து, ஒட்டாமல் வையுங்கள். உள்ளே ஆட்களை உட்காரவைக்கலாம். ஸ்பிரே பெயின்டை மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். கருநீலம், சன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டை. பழைய காலம் வேண்டுமென்றால் அரக்கு நிறம்.

சன்னல் கோணிப்போன சுவரைத் தூக்கிப் போடாதீர்கள். வயதான பயணிகள் பெட்டிகளின் சன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, முனைகளில் கதவு வைத்து, கார் ஏற்றும் என்.எம்.ஜி. வேகன்களாக ரயில்வேயே மாற்றுகிறது. நீங்களும் சன்னலுக்கு மேல் அட்டைத் துண்டை ஒட்டுங்கள். ஒட்டிய விளிம்பு வெளியே தெரியட்டும்; உண்மை வேகனிலும் அது தெரியும்.