சிறு பாய்ப்படகுக்கு டிரெய்லர்: கொழும்பில் எதைப் பார்த்து வாங்குவது?

பொல்கொட ஏரியில் மட்டும் ஓடும் படகுக்கு ரோட்டில் இழுக்கும் டிரெய்லர் தேவையில்லை. படகைப் பாய்ப்படகுக் கழகத்திலேயே விட்டுவிட்டு, தண்ணீரில் இறக்குவதற்குக் கையால் தள்ளும் வண்டி ஒன்று வைத்திருந்தால் போதும். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் குழம்பும் மாதங்களில் படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் டிரெய்லர் உதவும். அதுவும் வருடத்துக்கு ஒரு தடவைதான் என்றால் லொறி பிடித்துப் பாருங்கள், கணக்கு அநேகமாக அதன் பக்கம்தான் நிற்கும். சிறுவர் ஓட்டும் 2.3 மீற்றர் ஒப்டிமிஸ்ட் படகு, பின்கதவைத் திறந்த சின்னப் பட்டா லொறியில் போய்விடும். ஒருவர் ஓட்டும் 4.2 மீற்றர் லேசர் படகுக்கு அதைவிடப் பெரிய லொறி வேண்டும்.

டிரெய்லர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் சில்லையும் அச்சையும் முதலில் பாருங்கள். சட்டத்தை எந்த கராஜிலும் ஒட்டிக்கொள்ளலாம். ஊரில் கிடைக்காத அளவில் பெயரிங்கோ டயரோ இருந்தால், திருகோணமலை போகும் வழியில் ஹபரணையில் சில்லு நின்றுபோகும் நாளில் மலிவாக வாங்கிய வண்டியின் உண்மை விலை தெரியும்.

சிறிய டிரெய்லர்களில் நிறைய 4.00-8 டயரில் ஓடுகின்றன. பஜாஜ் த்ரீவீலுக்கும் அதே அளவுதான், ஆகவே டயருக்கும் டியூப்புக்கும் எந்தச் சந்தியிலும் பஞ்சமில்லை. ஆனால் சின்னச் சில்லு அதிகம் சுற்ற வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் 8 அங்குலச் சில்லு நிமிடத்துக்கு 770 தடவை போலச் சுற்றும். மாருதி ஓல்டோவின் 12 அங்குலச் சில்லு 590 தடவை போல. பெயரிங் சூடேறுவது அதனால்தான். மொறட்டுவைக்குள் ஓட 8 அங்குலம் தாராளம். திருகோணமலை வரை போவதானால் 12 அங்குலத்தைத் தேடுங்கள். முன்சில்லு இழுக்கும் சின்னக் காரின் பின்னச்சு வெறுமனே பாரம் தாங்குவது என்பதால், அதை ஹப்போடு (சில்லு பூட்டும் நடுக்குடம்) பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் வாங்கி டிரெய்லருக்குக் கட்டலாம். வளைவு இல்லையா என்று மட்டும் நூல் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) டிரெய்லர் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அதில் ஸ்பிரிங் கிடையாது, கொளுவி காருக்குப் பொருந்தாது. குலுக்கலில் ஃபைபர் உடம்பு வெடித்துவிடும். ஸ்பிரிங் இருந்தும் அது அளவுக்கு மிஞ்சி இறுக்கமாக இருந்தால் கதை அதேதான். லேசரின் உடம்பு 59 கிலோ, இருவர் ஓட்டும் ஜிபி14 படகின் உடம்பு 133 கிலோ. அரை டன் சுமக்கக் கட்டிய டிரெய்லரில் இவற்றை ஏற்றினால் ஸ்பிரிங் அசையாது, படகுதான் துள்ளும். தகட்டு ஸ்பிரிங் என்றால் ஒன்றிரண்டு தகட்டைக் கழற்றி மென்மையாக்கலாம்.

பழையதைப் பார்க்கப் போகும்போது சின்னச் சுத்தியல், ஸ்குரூ டிரைவர், அளவு நாடா, ஜாக் கொண்டுபோங்கள். புதுசாக வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்பு) உள்ளிருந்துதான் கறள் பிடிக்கும். கீழ்ப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். மந்தமான சத்தம் வரும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்துங்கள், உள்ளே போனால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். இழுப்புக் கம்பி சட்டத்தோடு சேரும் மூலையிலும் ஸ்பிரிங் தொங்கும் காதுகளிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கொளுவியின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் அளந்தால் 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. ஒரு டயர் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம்.

பிறகு ஜாக் போட்டுச் சில்லைச் சுற்றுங்கள். கரகரவென்றால் பெயரிங் முடிந்தது. அதை மாற்றுவது பெரிய செலவில்லை, விலையைக் குறைக்க நல்ல காரணம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது சில்லு மெல்லியதாக ஆடினால் பயப்படாதீர்கள், கூம்புப் பெயரிங்கில் அது இருக்கத்தான் வேண்டும். நட்டை முழுக்க இறுக்கி விட்டால் பெயரிங் எரியும். சில்லைச் சுற்றியபடி இறுக்கி, பிறகு நட்டைப் பூட்டும் ஊசி (ஸ்பிளிட் பின்) ஓட்டைக்கு நேர் வரும் அளவுக்குச் சற்றுத் தளர்த்திப் புது ஊசி போட வேண்டும்.

கொளுவியிலும், அது மாட்டும் காரின் பின்னாலுள்ள இழுவை உருண்டையிலும் அளவு பொறித்திருக்கும். 50 மில்லிமீற்றர் கொளுவியை அதைவிடச் சின்ன உருண்டையில் மாட்டினால் முதல் பள்ளத்திலேயே கழன்றுவிடலாம். பாதுகாப்புச் சங்கிலி இல்லாத டிரெய்லரை ரோட்டில் இறக்கவே கூடாது. டிரெய்லரும் சட்டப்படி வாகனம்தான். பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கம் டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள். புதிதாகச் செய்விக்கிறவர்கள், வெல்டிங் தொடங்குமுன் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.

செய்விப்பதானால் 50 × 50 × 3 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் இந்தப் படகுகளுக்குத் தாராளம். 10 மீற்றரே 43 கிலோ போல வரும், அதற்கு மேல் தடிப்பானது வீண் பாரம். கல்வனைஸ் தொட்டியில் முக்குவதானால் எல்லா வெல்டிங்கும் துளையும் முன்பே முடிந்திருக்க வேண்டும், மூடிய பார்களில் காற்றுத் துளையும் விட வேண்டும். துளை இல்லாத பார் உருகிய நாகத்தில் (சிங்க்) வெடிக்கும்.

ரோட்டு டிரெய்லரை மட்டும் தண்ணீரில் இறக்காதீர்கள். ஓடி வந்த சூட்டோடு ஹப் தண்ணீருக்குள் போனால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பொல்கொட பாணந்துறையில் கடலோடு சேர்கிறது, அங்கேயும் உப்பு உண்டு. ஆகவே தள்ளுவண்டி அப்படியே டிரெய்லர் மேல் ஏறி உட்காரும் இரட்டை ஏற்பாடு கொஞ்சம் அதிக விலையானாலும் லாபம்.

படகை ஏற்றியதும் மூக்குப் பாரத்தை, அதாவது கொளுவி காரை அழுத்தும் பாரத்தை, அளந்துவிடுங்கள். வீட்டுத் தராசில் மரக்கட்டை வைத்து, காரில் மாட்டும் உயரத்தில் கொளுவியை அதன்மேல் நிறுத்துங்கள். மொத்தம் 250 கிலோ என்றால் 15 முதல் 25 கிலோ காட்ட வேண்டும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். படகை முன்னே நகர்த்துங்கள். கட்டுவதற்கு ராட்செட் பட்டி வேண்டாம், அதன் இறுக்கத்தில் ஃபைபர் நசுங்கும். சாதாரணக் கொக்கிப் பட்டியைக் கையால் இழுத்தாலே போதும். சிக்னல் போட்டால் டிரெய்லரின் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுங்குகிறதா? பெரும்பாலும் எர்த் வயர்தான் கோளாறு.

முதல் 10 கிலோமீற்றரில் நிறுத்திப் பட்டியை இறுக்கி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் ஆறவிட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். மேலதிகச் சில்லு, ஒரு செட் பெயரிங், ஊசி, கிறீஸ் எல்லாம் காரில் இருக்கட்டும். கார் ஜாக் காற்றிறங்கிய 8 அங்குலச் சில்லின் அச்சுக்கு அடியில் நுழையாமல் போகலாம். வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.