காந்தி மியூசியத்துக்கு ஒரு தேதியோடு போங்கள்

மதுரை காந்தி மியூசியத்தை அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு, வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், நானும் பல வருடம் அப்படித்தான் வந்தேன். உருப்படியாகப் பார்க்க வேண்டுமென்றால் கையில் ஒரே ஒரு தேதியோடு போங்கள். என் சிபாரிசு 1921 செப்டம்பர் 22, காந்தி இதே ஊரில் சட்டையை விட்டுவிட்டு அரை ஆடைக்கு மாறிய நாள்.

கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கட்டடமே ராணி மங்கம்மாள் பெயர் சொல்லும் தமுக்கம் அரண்மனை, 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தது. உள்ளே சுதந்திரப் போராட்டப் படங்கள் நிறைய இருக்கும், எல்லாவற்றையும் வரி விடாமல் படிக்க உட்கார்ந்தால் பாதியிலேயே கால் கடுத்துவிடும். உங்கள் தேதியைச் சுற்றியுள்ளதை மட்டும் நின்று பாருங்கள். ஆனால் 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த துணியை விட்டுவிடாதீர்கள். கண்ணாடிக்குள் பழுப்பேறிய கறையோடு இருக்கிறது, அதன் முன்னால் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சத்தம் போடுவதில்லை. அரசு அருங்காட்சியகமும் அதே வளாகத்தில்தான், நேரமிருந்தால் எட்டிப் பாருங்கள்.

அப்புறம் நூலகம். "காந்தி பற்றி ஏதாவது இருக்கா சார்" என்று கேட்டால் அலமாரியைத்தான் கை காட்டுவார்கள். "1921 செப்டம்பர் கடைசி வாரம், மதுரை" என்று கேளுங்கள், அப்போதுதான் பேச்சு தொடங்கும். பத்திரிகை தேடுகிறவர்கள் சம்பவ நாளோடு நிற்காமல் அடுத்த நாலைந்து நாள் இதழ்களையும் புரட்ட வேண்டும், அன்று செய்தி அவ்வளவு மெதுவாகத்தான் வந்தது. பழைய தமிழ்த் தாள்களில் 1921 என்று இல்லாமல் துன்மதி வருடம் புரட்டாசி என்று இருக்கலாம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் 1981-உம் துன்மதிதான், ஏமாந்துவிடாதீர்கள். சொந்த ஊர் நிலக் கணக்குத் தேடி வேறு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்களுக்குப் பசலி, அதாவது நிலவரிக் கணக்குக்கான வருடம், தெரிந்திருக்க வேண்டும்: பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம். பசலி 1331 என்றால் 1921 ஜூலை முதல் 1922 ஜூன் வரை.

பேனாவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டுப் பென்சிலில் எழுதுங்கள். போட்டோ எடுக்க அனுமதி கிடைத்தால் முதலில் அட்டையை எடுங்கள், பிறகு பக்கத்தை, பக்க எண் தெரிகிற மாதிரி. நான் ஒருமுறை பதினேழு பக்கம் எடுத்துவந்து, எது எந்தப் புத்தகம் என்று தெரியாமல் மறுபடி பஸ் ஏறினேன்.

வெளியே வந்ததும் நேராக மேல மாசி வீதிக்குப் போங்கள். காந்தி அன்று தங்கியிருந்த வீட்டில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள், போனதற்கு ஒரு துண்டாவது வாங்குங்கள். கால் இன்னும் ஒத்துழைத்தால் காமராஜர் சாலை காந்தி பொட்டல், புது உடையோடு அவர் ஜனங்கள் முன்னால் வந்து நின்றது அங்கேதான்.