மதுரை வட்டாரத்துக்கு ஒரு வேலைவாய்ப்புத் தளம்: டெம்ப்ளேட்டை ஏற்றுவது முதல் ஊருக்கு ஏற்ப மாற்றுவது வரை

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வாசலில் 'விற்பனைக்கு ஆள் தேவை' என்று அட்டை தொங்கும். கப்பலூர் தொழிற்பேட்டையில் கேட்டிலேயே 'ஹெல்பர் தேவை' என்று ஒட்டியிருப்பார்கள். உசிலம்பட்டியில் வேலை தேடும் பையன் கண்ணில் அந்த அட்டை படாது. அதைப் பட வைக்க, இணையதளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளும், அதில் வேலை விளம்பர வசதியைச் சேர்க்கும் டபிள்யூபி ஜாப் மேனேஜர் என்ற இலவச பிளகினும் (துணை மென்பொருள்) போதும். ஆனால் தளத்துக்குத் தோற்றம் தரும் ரெடிமேட் டெம்ப்ளேட்டுகள் (வேர்ட்பிரஸ்ஸில் 'தீம்' என்பார்கள்) பெரும்பாலும் ஆபீஸ் வேலையை மனதில் வைத்துச் செய்தவை. சம்பளம் வருடக் கணக்கில், விண்ணப்பம் மின்னஞ்சலில். அதை அப்படியே விட்டால் பரோட்டா மாஸ்டர் தேடும் ஓட்டல்காரரும் வரமாட்டார், மாஸ்டரும் வரமாட்டார். ஆகவே நிறுவுவதைச் சுருக்கமாகவும், மாற்ற வேண்டியதை விரிவாகவும் பார்ப்போம்.

படி 1: தீம்

ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்கும் வாடகை சர்வர்) வேர்ட்பிரஸ்ஸை நிறுவி, எஸ்எஸ்எல் (முகவரியை https ஆக்கும் பாதுகாப்பு) வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஎச்பி மெமரி 256 எம்பி, அதிகபட்ச இயக்க நேரம் 300 விநாடி என்று முதலிலேயே உயர்த்தி வையுங்கள். இது குறைவாக இருந்தால், தீமோடு வரும் மாதிரிப் பக்கங்களை ஏற்றும் டெமோ இம்போர்ட் பாதியில் நின்றுவிடும். மெனு வந்திருக்கும், படங்கள் வந்திருக்காது.

காசு கொடுத்து வாங்கிய தீமை ஏற்றும்போது 'ஸ்டைல்ஷீட் இல்லை' என்று பிழை வந்தால் பதற வேண்டாம். நீங்கள் ஏற்றியது முழு பேக்கேஜ். அதைக் கணினியில் பிரித்து, உள்ளே இருக்கும் தீம் ஜிப்பை மட்டும் ஏற்றுங்கள். ஓசியில் கிடைக்கும் திருட்டு தீம் வேண்டவே வேண்டாம். வேலை தேடுகிறவர்களின் போன் எண்ணும் பயோடேட்டாவும் வந்து சேரும் இடம் இது.

எதையும் மாற்றும் முன் சைல்டு தீமை (நம் மாற்றங்களைத் தனியாக வைக்கும் துணைத் தீம்) ஆக்டிவேட் செய்யுங்கள். மெயின் தீமின் கோப்புகளில் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் அத்தனையும் போய்விடும்.

படி 2: பிளகின்

டபிள்யூபி ஜாப் மேனேஜரை ஆக்டிவேட் செய்ததும் செட்டப் விஸார்டு வரும். வேலைப் பட்டியல், வேலை பதிவிடும் படிவம், முதலாளிக்கான டாஷ்போர்டு என மூன்று பக்கங்களை அதுவே உருவாக்கும். மூன்றுக்கும் டிக் போட்டுவிடுங்கள்.

அதன்பின் வேலை விளம்பரத்தைத் திறந்தால் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வருகிறதா? செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் (பக்க முகவரிகளின் அமைப்பு) பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். சரியாகிவிடும்.

படி 3: காலாவதி, ஒப்புதல், சம்பளம்

பிளகினின் செட்டிங்ஸில் விளம்பரத்தின் ஆயுள் 30 நாள் என்று இருக்கும். ஓட்டல், டிரைவர், கடை வேலைகளுக்கு அது நீளம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆள் சேர்ந்துவிடுவார். 15 நாள் வையுங்கள். முடிந்துபோன வேலைக்கு மேலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் மறுபடி உங்கள் தளத்தைத் திறக்க மாட்டார். ஆள் நிரம்பியவற்றையும் காலாவதியானவற்றையும் மறைக்கும் இரண்டு டிக்குகளையும் போடுங்கள்.

புதிய விளம்பரங்களுக்கு அட்மின் ஒப்புதல் கட்டாயம் என்பதையும் ஆன் செய்யுங்கள். 'பதிவுக் கட்டணம்', 'டெபாசிட்' என்று பணம் கேட்கும் எதையும் வெளியிடாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சம்பளப் புலத்தை ஆன் செய்து, நாணயம் ஐஎன்ஆர் (ரூபாய்), அலகு மாதம் என்று வையுங்கள். பரோட்டா மாஸ்டருக்கும் கொத்தனாருக்கும் தினக்கூலிதான்; ஒப்புதல் தரும்போது அலகை 'நாள்' என்று மாற்றிவிடுங்கள். 'சாப்பாடு, தங்குமிடம் உண்டு' என்ற வரி சம்பளத் தொகைக்குச் சமம். அதை விளக்கத்தின் முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள்.

படி 4: ஊர்ப்பெயர்

தளம் திறந்த பிறகு அதிகம் சொதப்புவது இதுதான். இடம் என்ற புலத்தில் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒருவர் 'கே.புதூர்' என்று எழுதுவார், இன்னொருவர் 'மதுரை' என்று ஆங்கிலத்தில் எழுதுவார். கூகுள் மேப்ஸ் கீ (வரைபடச் சேவையை இணைக்கும் குறியீடு) இல்லாத தளத்தில் தேடல் எழுத்தைத்தான் ஒப்பிடும். தமிழில் மதுரை என்று தேடினால் இரண்டுமே வராது.

தீர்வு எளிது. ஒப்புதல் தரும்போது ஒரே வடிவத்தில் திருத்துங்கள்: 'கே.புதூர், மதுரை' என்று தமிழில், பக்கத்திலேயே ஆங்கிலத்திலும். திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டி வேலைகளுக்கும் 'மதுரை மாவட்டம்' என்று சேருங்கள்.

கேட்டகரி வசதியை ஆன் செய்து, டெமோவில் வந்தவற்றை அழித்துவிட்டு, ஜவுளிக்கடை, ஓட்டல், டிரைவர், டெய்லர், டேலி அக்கவுண்ட்ஸ், நர்சிங், கம்பெனி ஹெல்பர் என்று ஊரில் புழங்கும் பெயர்களையே வையுங்கள்.

படி 5: வாட்ஸ்அப் வழி

விண்ணப்பப் புலம் மின்னஞ்சல் அல்லது இணைய முகவரியை மட்டுமே ஏற்கும். வெறும் போன் எண்ணைப் போட்டால் பிழை காட்டும். கடைக்காரர் அங்கேயே படிவத்தை மூடிவிடுவார். வாட்ஸ்அப்பின் குறுமுகவரியைப் பயன்படுத்துங்கள்: டபிள்யூஏ டாட் எம்இ, ஒரு சாய்கோடு, அதன்பின் 91, அதையொட்டிப் பத்து இலக்க எண். கூட்டல் குறி, இடைவெளி, முன்னால் பூஜ்ஜியம் மூன்றும் கூடாது. 'விண்ணப்பிக்க' பட்டனை அழுத்தினால் அந்த முகவரி வரும். அதைத் தொட்டால் நேராகக் கடைக்காரரின் வாட்ஸ்அப். படிவத்தின் பக்கத்திலேயே இதற்கு ஒரு மாதிரி எழுதி வையுங்கள்.

படி 6: தமிழ்

தீமின் ஆங்கில எழுத்துருவில் தமிழ் இருக்காது. போனில் உள்ள ஏதோ ஒன்று வந்து நிற்கும். கூகுள் ஃபான்ட்ஸில் நம் ஊர்ப் பெயரிலேயே 'ஹிந்த் மதுரை' இலவசமாக இருக்கிறது. 400, 700 இரண்டு தடிமன் மட்டும் ஏற்றுங்கள். வரி உயரம் 1.6க்குக் குறையாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் மோதும். பட்டன்களில் எழுத்து இடைவெளி பூஜ்ஜியம். 'வி ண் ண ப் பி க் க' என்று பிய்ந்து நிற்பது அந்த இடைவெளியால்தான்.

பட்டன், படிவ வாசகங்களை லோகோ டிரான்ஸ்லேட் பிளகினில் தமிழாக்கலாம். சேமிக்கும் இடமாக 'கஸ்டம்' ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள், அப்டேட்டில் அழியாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இணைய முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியும் (புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறிகள்) 9 எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸ் தருவது 200 எழுத்து இடம். 'திருமங்கலம்' என்ற சொல்லில் 11 குறிகள், அது மட்டுமே 99 எழுத்து! போதாக்குறைக்கு இந்தப் பிளகின் தலைப்புக்கு முன்னால் நிறுவனப் பெயர், ஊர், வேலை வகை மூன்றையும் சேர்க்கும். தலைப்பு வரும் முன்பே இடம் தீர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக நாலு வரி ஓடும். ஒப்புதல் தரும்போது ஸ்லக்கை (முகவரியின் கடைசிப் பகுதி) மூன்று நான்கு ஆங்கிலச் சொற்களாக மாற்றிவிட்டு வெளியிடுங்கள்.

படி 7: திறக்கும் முன்

தளம் அனுப்பும் மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போகாமல் இருக்க, அதை ஒரு மின்னஞ்சல் கணக்கு வழியாக அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் தேவை. ஜிமெயில் வைத்தால் சாதாரணப் பாஸ்வேர்டு செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுங்கள்.

கேஷ் பிளகின் (பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகக் காட்டுவது) இருந்தால் டாஷ்போர்டு, பதிவிடும் படிவம் இரண்டையும் அதிலிருந்து விலக்குங்கள். இல்லையென்றால் ஒரு கடைக்காரரின் பக்கம் இன்னொருவருக்குத் தெரியும் ஆபத்து உண்டு.

விளம்பரங்களைக் காலாவதியாக்குவது வேர்ட்பிரஸ்ஸின் கிரான், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி. யாராவது தளத்துக்கு வந்தால்தான் அது ஓடும். புதுத் தளத்துக்கு ஆள் வரத்து குறைவு என்பதால், ஹோஸ்டிங்கின் சிபேனலில் (கட்டுப்பாட்டுப் பக்கம்) 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுமாறு ஒரு கிரான் ஜாப் போடுங்கள்.

கடைசியாக, லாகின் இல்லாத பிரவுசரில், போனில், மொபைல் டேட்டாவில் ஒரு சோதனை விளம்பரம் போடுங்கள். ஒப்புதல் கொடுத்து, வாட்ஸ்அப் திறக்கிறதா பார்த்து, அந்தப் பக்கம் கூகுளுக்கு வேலை விளம்பரமாகப் புரிகிறதா என்று பார்க்க அதைக் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்டில் கொடுங்கள். 'ஜாப் போஸ்டிங்' என்று பச்சையில் வரவேண்டும். பிறகு 'ஆள் நிரம்பியது' என்று குறித்து, பட்டியலிலிருந்து மறைகிறதா என்று பாருங்கள். மறைந்ததும் சோதனை விளம்பரத்தை அழித்துவிட்டு, முதல் கடைக்காரருக்குப் படிவத்தின் லிங்க்கை அனுப்பலாம்.