ஏவி ரிசீவர் மாத்துறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

பழைய 5.1 ரிசீவர (சவுண்ட பிரிச்சு 5 ஸ்பீக்கருக்கும் 1 சப்வூஃபருக்கும் அனுப்புற பெட்டி) மாத்தப் போறீங்கன்னா முதல்ல டிவி பின்னாடி எச்டிஎம்ஐ போர்ட்ல என்ன எழுதிருக்குன்னு பாருங்க. வெறும் ஆர்க்னு (டிவி சவுண்ட எச்டிஎம்ஐ கேபிள்லயே ரிசீவருக்கு அனுப்புற வழி) இருந்தாலும் ஓடிடி அட்மாஸ் (தலைக்கு மேலேர்ந்தும் சவுண்ட் வர்ற டால்பி முறை) பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ங்கிற சுருக்கின ஆடியோல வர்றதால ரிசீவருக்குப் போய்ச் சேந்துடும், டிவி அத அனுப்பணும் அவ்ளோதான், ஆனா ப்ளூரேல இருக்குற ட்ரூஎச்டி (தரம் குறையாத டால்பி ஆடியோ) டிவி வழியா போகணும்னா டிவி, ரிசீவர் ரெண்டு பக்கமும் ஈ-ஆர்க் (ஆர்க்கோட மேம்பட்ட வடிவம்) வேணும், இல்லாட்டி பிளேயர நேரா ரிசீவர்லயே சொருகிடுங்க.

5.1.2 (5.1 கூட அட்மாஸுக்கு 2 உயர ஸ்பீக்கர்) போடணும்னா 7 சேனல் ஆம்ப் போதும், சப்வூஃபர்ல பொதுவா சொந்த ஆம்ப் இருக்கும்.

வாட்ஸ பாத்து மட்டும் தயவுசெஞ்சு ஏமாறாதீங்க! அட்டைப்பெட்டில 150 வாட்ஸ்னு போட்டிருப்பாங்க, கீழ பொடி எழுத்துல 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரே ஒரு சேனல்னு இருக்கும். 8 ஓம், 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், 2 சேனல் ஓடும்போது எவ்ளோன்னு தேடுங்க, அதான் நெசமான கணக்கு. பவர் ரெண்டு மடங்கானாலே 3 டெசிபல்தான் கூடும், அதனால 80க்கும் 100க்கும் காதுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது, அந்தக் காச நல்ல சென்டர் ஸ்பீக்கர்ல போடுங்க, வசனம் தெளிவா கேக்கும்.

வாங்குனதும் ஃபேன ஆஃப் பண்ணிட்டு ரிசீவரோட மைக்க காது உயரத்துல வச்சு கேலிப்ரேஷன் (ரூமுக்கு ஏத்தபடி ரிசீவரே சவுண்ட சரி பண்றது) ஓட்டுங்க. முடிஞ்சப்புறம் ஸ்பீக்கர்லாம் ஸ்மால், கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ்னு (அதுக்குக் கீழ இருக்குற பாஸ் சப்வூஃபருக்குப் போகும்) வச்சுக் கேட்டுப் பாருங்க. ரிசீவர் மேல எதையும் அடுக்காதீங்க, சூடு வெளிய போகணும்.