ராகிக்கு 21 நாள் காவல்

பிளவுஸுக்கு வைத்துத் தைக்க வெள்ளை லைனிங் துணி ஒரு மீட்டர் வெட்டித் தரையில் விரித்திருந்தேன். அதன் மேல் மூன்று சொட்டு ரத்தம். ஊசி குத்தியிருக்கும் என்று என் பத்து விரலையும் பார்த்தேன், இல்லை. முள் ஏறியிருக்கும் என்று எங்கள் நாய் ராகியின் நாலு பாதத்தையும் விரித்துப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கொல்லையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வாலைத் தூக்கிப் பாரு. பொட்ட பருவத்துக்கு வந்திருக்கு, நீ காலைப் புடிச்சிக்கிட்டு இருக்கிற" என்றார். பார்த்தால் பிறப்புறுப்பு வீங்கி, வழக்கத்தைப் போல இரண்டு பங்கு இருந்தது. அப்போது அதற்கு எட்டு மாதம்.

பாலக்கோட்டில் எங்கள் வீடு தக்காளி மண்டிக்குப் போகிற வழியில். நாய்க்கு ராகி என்று பேர் வந்தது அந்த மாவு நிறத்தால். பக்கத்து வீட்டு அக்கா விஷயம் கேள்விப்பட்டு, "மஞ்சத்தண்ணி எப்ப ஊத்தறீங்க? தாய்மாமன் சீர் யாரு கொண்டாறது?" என்று ஒரு வாரம் சிரித்தார். சிரிப்பதற்குத்தான் ஆள் இருந்ததே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. முதல் தடவை நான் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். அடுத்த தடவை தப்பில்லாமல் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், மனுஷி கணக்கை நாய்க்குப் போடாதீர்கள். நமக்கு உதிரம் போகிற நாட்கள் பெரும்பாலும் கரு தங்காத நாட்கள். நாய்க்குத் தலைகீழ். ரத்தம் முன்னால் வரும், கரு தங்குகிற நாட்கள் அதற்குப் பின்னால் வரும். ரத்தம் வெளுத்து, "அப்பாடா முடிஞ்சுது" என்று நாம் கேட்டைத் திறக்கிற நேரம்தான் அதற்குச் சரியான நேரம்.

நாள் கணக்கு இப்படி. முதல் சொட்டு பார்த்த அன்று தினசரி காலண்டர் தாளில் 1 என்று எழுதுங்கள். மறுநாள் 2. முதல் கட்டம் சுமார் 9 நாள்: வீக்கம், சிவப்பு ரத்தம், அடிக்கடி மூத்திரம். கடுவன்கள் வாசலுக்கு வந்துவிடும், ஆனால் இது பல்லைக் காட்டி விரட்டும். இரண்டாவது கட்டம் இன்னொரு 9 நாள் போல: ரத்தம் வெளுத்து ரோஸ் ஆகி, பிறகு வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்துக்கு வரும். வீக்கம் கொஞ்சம் தளரும். விரட்டிக்கொண்டிருந்தது இப்போது நின்று கொடுக்கும். இந்த 9 என்பது சராசரிதான். ஒவ்வொரு கட்டமும் 3 நாளிலும் முடியலாம், 21 நாள் வரையும் இழுக்கலாம். அதனால் தேதியை மட்டும் நம்பாமல் நாயையும் பாருங்கள். நான் தினம் காலையில் பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டு கிழித்து ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் நிறம் பார்ப்பேன். தைக்கிறவளுக்கு நிறம் பார்ப்பது பழக்கம்தானே. அப்புறம் வால் அடியில் முதுகை லேசாகச் சொறிந்துவிடுவேன். வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நின்றால், அந்த நாட்கள் வந்துவிட்டன.

என் கதை 11ஆம் நாள் கெட்டது. துணியில் நிறமே ஒட்டவில்லை. சந்தோஷமாகப் பையனிடம் கயிற்றைக் கொடுத்து, "பால் வாங்கப் போகும்போது கூட்டிட்டுப் போடா" என்றேன். கால் மணி நேரத்தில் பையன் தனியாக ஓடிவந்தான். டீக்கடை பின்னால் ராகியும் ஒரு கருப்புக் கடுவனும் முதுகுக்கு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு பெரியவர் வாளியில் தண்ணீரோடு வந்தார், இன்னொருவர் கட்டையோடு. "ஊத்துங்க, பிரிஞ்சிடும்" என்று ஊரே யோசனை சொன்னது.

ஊற்றக் கூடாது, அடிக்கக் கூடாது, இழுக்கவே கூடாது. கடுவனின் உறுப்பின் அடிப்பகுதி உள்ளே வீங்கிப் பூட்டிக்கொள்வதால்தான் அந்த நிலை. 10 நிமிஷத்திலிருந்து அரை மணி நேரம் வரை ஆகும், வீக்கம் வடிந்தால் தானாகப் பிரியும். இழுத்தால் இரண்டுக்கும் உள்ளே கிழியும். பிரித்துவிட்டாலும் பிரயோசனம் இல்லை, விந்து அதற்கு முன்பே போயிருக்கும். பெட்டையின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மற்ற கடுவன்களையும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துவது ஒன்றுதான் நம் வேலை. நான் டீக்கடை பின்னால் குத்துக்கால் போட்டு 20 நிமிஷம் உட்கார்ந்தேன். மண்டிக்கு வந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த தப்பு அன்றைக்கே. "ஆனது ஆயிடுச்சு, இனி என்ன காவல்" என்று விட்டுவிட்டேன். நின்று கொடுக்கிற நாட்களில் பெட்டை பல கடுவன்களோடு சேரும், ஒரே ஈற்றில் வேறு வேறு அப்பன் பிள்ளைகள் பிறக்கலாம். சேர்ந்தாலும் காவல் காவல்தான். குட்டி வேண்டாமென்றால் இரண்டொரு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் தேதியோடு போய்ச் சொல்லுங்கள். என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும். மெடிக்கலில் மனுஷ மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பருவமே வராமலிருக்க ஒரு ஹார்மோன் ஊசி உண்டு என்று யாராவது சொல்வார்கள். அதற்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டுகிற ஆபத்து உண்டு. நான் ஒரு ஊசியும் போடாமல் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ராகி 62ஆம் நாள் தையல் மெஷின் அடியில் ஐந்து குட்டி போட்டது. மூன்று மாவு நிறம், ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளையில் புள்ளி. எட்டு மாதத்தில் சேர்ந்த சின்னப் பிள்ளை அது. பால் கொடுத்துக் கொடுத்து விலா எலும்பு தெரிந்தது.

இரண்டாவது பருவம் ஏழு மாதம் கழித்து வந்தது. தெருநாய்களுக்கு மார்கழி என்று சொல்கிறோமே தவிர, வீட்டு நாய்க்கு மாதம் கிடையாது. ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை எந்த மாதத்திலும் வரும், நமக்கு நிற்பது போல வயதானால் நிற்கவும் செய்யாது. முதல் பருவம் பொதுவாக 6 மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள். பெரிய ஜாதி நாய்களுக்கு ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகும்.

இந்தத் தடவை முதல் வேலை கேட். எங்கள் இரும்பு கேட்டின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அதில் தக்காளி கிரேட் மூன்றைப் படுக்கப் போட்டு உள்ளே கல் வைத்தேன். மதில் நாலடிதான், அதைக் கடுவன் ஒரே தாவாகத் தாவும். ஆகவே வாசலில் கட்டிப்போடுவது காவல் ஆகாது, பந்தியில் இலை போட்டு வைத்த மாதிரி. வீட்டுக்குள், கதவுக்குள். இரவும் உள்ளேதான். வீட்டிலேயே கடுவன் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் பூட்டின கதவு வேண்டும். அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்கிற முறையெல்லாம் நமக்குத்தான்.

வெளிக்குப் போக அதிகாலையும் ராத்திரி பத்து மணிக்கு மேலும் நானே கூட்டிப்போனேன். கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழலாத அளவுக்கு இறுக்கம், செயின் கையில் இரண்டு சுற்று. மொட்டை மாடி இருப்பவர்களுக்குப் பாதிக் கஷ்டம் குறைவு. மூத்திரம் இருந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், கடுவன்களைக் கூப்பிடுகிற வாடை அதிலும் இருக்கிறது. வாடையை மறைக்க விக்ஸ் தடவு, மண்ணெண்ணெய் தெளி என்று சொல்வார்கள். நாயின் மூக்கை அது ஏமாற்றாது, தோல்தான் வெந்துபோகும்.

வாசலில் காத்திருக்கிற கடுவன்கள் மேல் கல்லெறியாதீர்கள். ஏற்கெனவே ஒன்றுக்கொன்று கடித்துக்கொண்டிருக்கும், நடுவில் போனால் நமக்கும் விழும். கடித்துவிட்டால், கீறலாக இருந்தாலும், 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி, வெறிநாய்க்கடி ஊசி. உங்கள் நாய்க்கும் அந்தத் தடுப்பூசி நாள் தவறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் தொழில். தரை, பாய், தைக்க வந்த துணி கெடாமலிருக்க ஜட்டி தைத்தேன். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும், ஆனால் ராகி இடுப்புக்கு எதுவும் நிற்கவில்லை. ராகி 14 கிலோ, பின்னங்காலுக்கு முன்னால் இடுப்புச் சுற்று 18 அங்குலம். பழைய காட்டன் லுங்கியை இரட்டையாக மடித்து, நீளம் 16, அகலம் 10, நடுவில் இரண்டு பக்கமும் வளைத்து உடுக்கை மாதிரி வெட்டினேன். பின் விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி ஒன்றரை அங்குலத்தில் வாலுக்கு வட்டம். இந்த வட்டத்துக்குக் கட்டாயம் பைப்பிங் கொடுங்கள். முதல் ஜட்டியில் கொடுக்கவில்லை, நூல் பிசிறு வால் முடியில் முறுக்கிக்கொண்டு நாய் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு பக்கமும் வெல்க்ரோ. எலாஸ்டிக் போட்டால் தொடையில் தடம் விழுகிறது. உள்ளே நாலு மடிப்பு வேட்டித் துணி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றி, சோப்பில் அலசி வெயிலில் போட வேண்டும்.

நாப்கின் வைக்கலாமே என்று வைத்தேன். ஒரே நாளில் பிய்த்துவிட்டது. உள்ளே இருக்கிற பொடி எச்சிலில் ஊறி ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி தரையெல்லாம். தின்றிருந்தால் குடலில் அடைத்திருக்கும். நல்லவேளை, துப்பியிருந்தது. ஜட்டியை நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தில் புண் வரும். அது தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவும் நேரம் வேண்டும். ஜட்டி பூட்டும் அல்ல. கடுவனுக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும், டெட்டால் வேண்டாம். சாப்பாடு குறையும், பயப்பட வேண்டாம். என் வீட்டில் களியோடு ஒரு முட்டை உடைத்துக் கலந்து கொடுத்தேன். "களி தின்னு சூடு ஏறிடுச்சு, மோர் ஊத்து" என்றார் ஒருவர். நாயின் பருவத்தை ஹீட் என்று சொல்வதால் வந்த குழப்பம் இது. உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேழ்வரகு மேல் பழி போடாதீர்கள்.

21 நாள் ஆனதும் திறக்கவில்லை. வீக்கம் முழுக்க வடிந்து, வாசலில் கடுவன் ஒன்றும் இல்லாமல், ராகி மறுபடியும் சீறத் தொடங்கியதும்தான், 26ஆம் நாள், கிரேட்டை எடுத்தேன்.

அதோடு காலண்டரை மூடிவிடாதீர்கள், அடுத்த இரண்டு மாதமும் கண் வேண்டும். நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால், சாப்பிடாமல் வாந்தி எடுத்தால், நாற்றமடிக்கிற சீழ் வந்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கர்ப்பப்பை வாய் மூடிய வகையில் சீழே வெளியே தெரியாது, நாய் சோர்ந்து வயிறு மட்டும் உப்பும். காலைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஆபரேஷன் தேவைப்படுகிற நோய். மூன்று வாரம் தாண்டியும் ரத்தம் சொட்டினால், காலிஃபிளவர் மாதிரி சதை தெரிந்தால், அது தெருநாயோடு சேர்ந்து தொற்றுகிற கட்டியாக இருக்கலாம். அந்தக் கட்டி வாராவாரம் ஊசி போட்டால் பெரும்பாலும் கரையும். இதற்கெல்லாம் நடுவில் ஒரு கூத்தும் உண்டு: சேராத நாய்க்கும் மடியில் பால் வரும். ராகி இரண்டாம் தடவைக்குப் பின் என் வெட்டுத் துணிகளையெல்லாம் மெஷின் அடியில் குவித்து, ஒரு நூல்கண்டை நடுவில் வைத்து, அதற்குக் காவல் இருந்தது. பாலைப் பிதுக்காதீர்கள், பிதுக்கினால் இன்னும் சுரக்கும். இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும்.

மடி வற்றியதும், பருவம் முடிந்து மூன்று மாதம் கழித்து, கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்தோம். பருவத்தின்போதே செய்யச் சொன்னேன், டாக்டர் மறுத்தார். அப்போது ரத்தக் குழாய்கள் விம்மியிருக்கும், ரத்தம் அதிகம் போகும் என்றார். "ஒரு ஈத்தாவது போட்டாத்தான் பொட்டைக்கு உடம்பு நல்லா இருக்கும்" என்று அத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒன்றும் இல்லையாம். முதல் பருவத்துக்கு முன்பே செய்திருந்தால் மடியில் கட்டி வருகிற வாய்ப்பும் குறைந்திருக்கும். எனக்கு அது அப்போது தெரியாது.

ஐந்து குட்டியில் புள்ளி போட்டது ராயக்கோட்டையில் சாமந்தி போடுகிற ஒரு அண்ணன் வீட்டில் வளர்கிறது. போன வாரம் போன் செய்தார்.

"ரத்தம் நின்னுடுச்சும்மா. தோட்டத்துல அவுத்து விடலாமா?"

"எத்தனையாவது நாள்ணா?"

"பன்னெண்டு இருக்கும்."

"போனை வைங்க. மொதல்ல போயி கேட்டைச் சாத்துங்க."