உப்புக் காற்றில் டிவி கேம்: ஆசையில் செய்யும் தவறுகள்

கீழக்கரையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். நான் ஐந்தாவது படிக்கும்போது வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த டிவி கேம் இன்றும் அங்கே ஓடுகிறது. 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியின் நகல் அது. என்னோடு விளையாடியவர்களில் பலர் வீட்டுப் பெட்டிகள் செத்துப்போயின. அவற்றைக் கொன்றது பெரும்பாலும் அக்கறையின்மை இல்லை, ஆசைதான்.

முதல் தவறு, பெட்டியில் செருகும் கேம் கேசட்டில் வாய் வைத்து ஊதுவது. திரை கலங்கினால் எடு, ஊது, போடு என்றுதான் எல்லோரும் வளர்ந்தோம். ஊதியதும் மாரியோ வந்துவிடுவதால் ஊதியதே வைத்தியம் என்று நினைக்கிறோம். உண்மையில் கேசட்டை எடுத்துத் திரும்பச் செருகும்போது அதன் அடியில் உள்ள செம்புப் பட்டைகளான பின்கள் உரசிப் புதிதாய்த் தொடர்பு கிடைக்கிறது, அவ்வளவுதான். ஊதுவதால் மிஞ்சுவது எச்சில் ஈரம். நம் கரையிலோ அந்தப் பின்களில் ஏற்கெனவே கடல் உப்பு படிந்திருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பில் பச்சை பூக்கும். என் கேசட் ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் 30, மறுபக்கம் 30 என அறுபது பின்கள். நடுவில் இருந்த நாலைந்தில் பாசி பிடித்த மாதிரிப் பச்சை.

அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். செல்போன் சர்வீஸ் கடைக்காரர்களிடம் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தேயுங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும், நாலாவது குச்சி வெள்ளையாகவே வரும். அப்புறம் பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். வீட்டில் மிஞ்சிய சானிடைசர் வேண்டாம், அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு தங்கிவிடும். உப்புத்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் செம்பு வெறுமனே நிற்கும், அதைக் கடல்காற்று சீக்கிரம் தின்றுவிடும்.

பெட்டியையும் கேசட்டையும் பாலிதீன் பையில் இறுகக் கட்டி அலமாரியில் வைப்பது அடுத்த தவறு. ஐப்பசியில் சமையலறை உப்பு ஜாடி தானாக நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் கட்டிய பைக்குள்ளும் அதே கதைதான், உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. பங்குனி வெயிலில் நன்றாகக் காய்ந்த நாளில், மூடி இறுகும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஜெல்லை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது.

அடாப்டரில் பலர் ஏமாறுகிறார்கள். துபாய், சிங்கப்பூர்ப் பெட்டிகளுக்கு நம் 230 வோல்ட் பிரச்சினை இல்லை. ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நேரே செருகினால் புகைதான். ஃபேமிகாம் அடாப்டரின் முனையில் நடுப்பக்கம் நெகட்டிவ். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். முனை பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள்.

பழைய குழாய் டிவியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். கலர் டிவியின் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் நிற்கலாம்.

பழைய கணினி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். பூஞ்சை பிடித்த ஃபிளாப்பி டிஸ்க்கை டிரைவில் போட்டால், அதைப் படிக்கும் ஹெட்டும் கெட்டு, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியும் கீறிப்போகும்.

வீட்டில் 386, 486 சிப் போட்ட பழைய கணினி இருந்தால் உள்ளே இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டைப் பாருங்கள். விரல்கணு அளவில் நீலமாகவோ பச்சையாகவோ உருளை பேட்டரி ஒன்று ஒட்டியிருக்கலாம். அது கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும், பெட்டியை ஓட்டாமல் வைத்திருந்தாலும் கசியும். பேட்டரியை எடுத்தால் கணினி தன் அமைப்புகளை மறந்துவிடும். அதனால் கணினி இன்னும் ஓடினால், முதலில் அந்த அமைப்புகளைக் காட்டும் செட்டப் திரையில் உள்ள ஹார்ட் டிஸ்க் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை வெட்டி எடுங்கள். கசிந்த இடத்தில் வினிகரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, ஐபிஏ கொண்டு துடைத்துக் காயவிடுங்கள். மழை தொடங்குமுன் இந்த வாரமே திறந்து பார்த்துவிடுங்கள்.